ஏரும் விரதமும்



சமயமும் குடும்ப வாழ்க்கையும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் கோயிலில் தொடங்கித் தேர்த் திருவிழாவில் முடிப்பது வழக்கம். நான் அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும் கழனி வரப்பிலும் நின்று பேசலாம் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கும்பிடுவது யாருக்கும் முடியும். நாற்று முதிர்ந்துபோய், ஆள் கிடைக்காமல், மழையும் மூட்டம் போட்டு நிற்கிற நாளில் ஒரு நம்பிக்கை என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது தமிழ்ச் சமணக் குடும்பங்களை. வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக்காரர்களிடம் 'நயினார் வீடு' என்றாலே போதும், விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சமணர் என்றதும் சென்னை சௌகார்பேட்டைக் கடைத்தெரு ஞாபகம் வரும். அவர்கள் பின்னாளில் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வணிகர்கள். நயினார்கள் இந்த மண்ணில் பல நூற்றாண்டுகளாக உழுகிறவர்கள். வீட்டுப் பேச்சு தமிழ். நிலத்தில் நெல், மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கரும்பு. ஊர்க் கோயிலில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர். போளூர் பக்கம் திருமலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதர் என்ற தீர்த்தங்கரர் நிற்கிறார். அதே மலையில் சோழ இளவரசி குந்தவையின் பெயரால் ஒரு ஜினாலயம் இருக்கிறது. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதச்சுவட்டை வணங்குகிறார்கள். மடம் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூரில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர். அதில் வடக்கிலிருந்து வந்தவர்களும் அடக்கம் என்பதால் நயினார்களின் எண்ணிக்கை அதைவிட நன்றாகவே குறையும்.

நான் அந்தச் சமயத்தில் பிறந்தவன் இல்லை. எங்கள் கழனியும் ஒரு நயினார் வீட்டுக் கழனியும் ஒரே வரப்பில். நான் சொல்லப்போவதில் பாதி நூல் வழி அறிந்தது, பாதி அந்த வரப்பில் நின்று பார்த்தது.

முதலில் இருக்கிற சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். சமணத்தின் முதல் விரதம் கொல்லாமை. ஏர் ஓட்டினால் மண்புழு சாகும், எறும்புப் புற்று சிதறும், தவளை கொழுவில் மாட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. இரும்பு முனைக் கலப்பை நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் வருத்துகிறது என்று மனு நூலே உழவைக் குறை சொல்கிறது. குஜராத்தில் வாழ்ந்த 12ஆம் நூற்றாண்டுச் சமண ஆசாரியர் ஹேமசந்திரர் இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களைப் பட்டியல் போட்டார். நிலத்தைப் பிளக்கும் தொழில் அதில் ஒன்று. வடநாட்டுச் சமணரில் பெரும்பாலோர் கடைக்கும் வட்டிக்கும் போனதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியென்றால் நயினார் எந்தத் துணிச்சலில் கலப்பையைப் பிடித்தார்?

அவர்கள் காட்டும் சான்று முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர். ஆதிநாதர் என்றாலும் அவர்தான். கற்பக மரங்கள் வற்றிப்போய் மக்கள் பசியில் நின்றபோது, வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், கைத்தொழில் என்ற ஆறு பிழைப்பையும் கற்றுக்கொடுத்தவர் அவர் என்கிறது ஜினசேனரின் ஆதிபுராணம். அவருடைய அடையாளச் சின்னமே காளை. கடவுள் நிலையில் வைத்து வணங்கப்படுகிறவரே சொல்லிக்கொடுத்த தொழிலைப் பாவம் என்று எப்படித் தள்ளுவது? திருவள்ளுவரையும் இவர்கள் குந்தகுந்த ஆசாரியராகவே நம்புகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. 33ஆம் அதிகாரத்தில் கொல்லாமையைச் சொன்ன அதே கை 104ஆம் அதிகாரத்தில் உழவைத் தலைமேல் வைத்துப் பாடியதே, அது போதும் அவர்களுக்கு.

நூலோர் இதற்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். கொலை நான்கு வகை. வேண்டுமென்றே செய்வது ஒன்று. சமையல், துப்புரவு என்று வீட்டு வேலையில் நேர்வது ஒன்று. பிழைப்புத் தொழிலில் நேர்வது ஒன்று. தற்காப்பில் நேர்வது ஒன்று. இல்லறத்தார் முற்றாக விட வேண்டியது முதல் வகையை. மற்ற மூன்றையும் முடிந்தவரை குறைக்க வேண்டும். துறவிக்கு முழு விரதம், உழவனுக்கு அணுவிரதம், அதாவது சிறு விரதம். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. வயலில் இந்தக் கோடு எங்கே அழிகிறது என்று பிறகு பார்ப்போம்.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். எனக்கு இந்தப் பேச்சில் முக்கியமான இடம் இதுதான்.

பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது இவர்கள் வீட்டு ஒழுக்கம். விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், சோற்றில் விழும், விளக்கிலும் சாகும். அதுதான் அடிப்படை. எங்கள் பகுதியில் கார்த்திகை மாதம் மாலை 5.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஆடியில் 6.40 வரை இழுக்கும். கண்டிப்பானவர்கள் அதற்கும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னதாகவே கை கழுவிவிடுவார்கள். அப்படியானால் கார்த்திகையில் ஐந்து மணிக்குள் இராச்சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். நான்கு மணிக்கு உலை கொதிக்க வேண்டும். மூன்றரைக்குக் காய் அரிய வேண்டும். நடவுக்குப் போன பெண் அதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஒரு விரதம் ஒரு குடும்பத்தின் முழு நாளையும் இப்படிப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறது. அதை நடத்துகிறவர் யார் என்று பாருங்கள். சுவாமிகள் மடத்தில் இருக்கிறார், ஆசாரியர் ஏட்டில் இருக்கிறார். கழனிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பது வீட்டு அம்மாதான்.

"ஏங்க, பொழுது எறங்குது. மண்வெட்டிய வச்சிட்டு வாங்க."

"தோ, இந்த ஒரு மடைதான். திருப்பி வுட்டுட்டு வந்துடறேன்."

"மடைய ராத்திரிகூடத் திருப்பலாம். ராத்திரி நான் சோறு போட மாட்டேன்."

வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று இந்தப் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். அவர் மறுபேச்சில்லாமல் கரையேறிப் போய்விடுவார். சாப்பிட்டுவிட்டு இருட்டில் திரும்பி வந்து மடை திருப்புவார். இரவில் வேலை செய்ய விரதம் தடுக்கவில்லை, உண்ணத்தான் தடுக்கிறது. கமலை ஏற்றம் இருந்த காலத்தில் பொழுதோடு மாட்டை அவிழ்த்துவிடுவார்கள், சிக்கல் இல்லை. மின்மோட்டார் வந்து, மும்முனை மின்சாரம் முறை வைத்து நடு ராத்திரியில் வரத் தொடங்கியபின் உழவனுடைய நாள் தலைகீழாகிவிட்டது. இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு மாலை ஐந்து மணிச் சோறு எவ்வளவு நேரம் தாங்கும்? எங்கள் பக்கத்து மோட்டார்க் கொட்டகையில் டீயும் பன்னும் நடக்கும். அந்த நயினார் வீட்டு இளைஞர்கள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்ததையும் பார்த்திருக்கிறேன், சிலர் எங்களோடு டீ குடித்ததையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் அதைச் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் கேட்டுக்கொள்வார்கள். நாங்களும் சொன்னதில்லை.

தண்ணீருக்கும் ஒழுங்கு உண்டு. துணியை இரண்டாக மடித்து வடிகட்டித்தான் குடிப்பார்கள். வடிகட்டிய துணியை அப்படியே உதறிப் போடுவதில்லை. அதில் தங்கிய சிற்றுயிர் எந்தக் கிணற்றிலிருந்து வந்ததோ அந்தக் கிணற்றிலேயே சேரும்படி அலசி விடுவது முறை. விறகை அடுப்பில் வைக்குமுன் தட்டிப் பார்ப்பார்கள், எறும்பு இருக்கிறதா என்று. தேன் கிடையாது. ஆல், அரசு, அத்தி போன்ற பழங்கள் கிடையாது, உள்ளே பூச்சி இருக்கும் என்பதால். கிழங்கு வகையைச் சில வீடுகள் அறவே விலக்கும், சில வீடுகள் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் விலக்கும். புடைத்தல், சலித்தல், வெயிலில் உலர்த்துதல் என்று தானியத்தில் வண்டு பிடிக்காமல் பார்த்துக்கொள்வதே ஒரு பெரிய வேலை. வண்டு பிடித்துவிட்டால் அரைக்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. இந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. நூல்கள் விரதத்தைப் பற்றி எத்தனையோ எழுதுகின்றன. அதைக் காப்பாற்ற ஒரு மருமகள் ஒரு நாளில் எத்தனை தடவை முறத்தைக் கையில் எடுக்கிறாள் என்று எழுதுவதில்லை.

பொழுது பார்த்து நடக்கும் இந்த அந்திப் பழக்கம் ஒருகாலத்தில் ஆபத்தாகவும் இருந்தது. செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவருக்கும் சமணருக்கும் பகை மூண்டு, கண்ட இடத்தில் அவர்களைத் தண்டித்தார் என்று ஒரு செவிவழிக் கதை அந்தப் பகுதியில் இருக்கிறது. பலர் பூணூலைக் கழற்றித் திருநீறு பூசிக்கொண்டார்களாம். ஒருவர் மட்டும் அந்தி நேரம் குளக்கரையில் சமண முறைப்படி நியமம் செய்யப்போய்ப் பிடிபட்டார். அன்றைக்கு நாயக்கருக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் உயிர் தப்பினார் என்று கதை முடிகிறது. எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் கதையில் அவரைக் காட்டிக்கொடுத்தது கொள்கையோ வாதமோ இல்லை, அந்திப் பழக்கம்.

இனி மாட்டுக் கொட்டகை. கொல்லாமை விரதம் எடுத்த இல்லறத்தான் தவறக்கூடிய ஐந்து இடங்களைச் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. சமந்தபத்திரரின் இல்லற ஒழுக்க நூலிலும் அதே ஐந்து உண்டு. அந்த நூல் வழியில் எழுந்த தமிழ் நூல்தான் அருங்கலச்செப்பு. கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், தீனியும் தண்ணீரும் தராமல் நிறுத்துதல். ஐந்தும் இவைதான். வேலையாளுக்கும் இவை பொருந்தும் என்று உரைகாரர்கள் சொல்லலாம். எனக்கென்னவோ இதை எழுதியவர் ஒரு தொழுவத்துக்குள் நின்றுகொண்டு எழுதியதுபோலத்தான் இருக்கிறது.

ஏனென்றால் இந்த ஐந்தில் ஒன்றுகூடச் செய்யாமல் மாடு கட்டி உழ முடியாது. முளைக்குச்சியில் கட்டாமல் எருது நிற்குமா? மூக்கு குத்தாமல், காயடிக்காமல் ஏருக்குப் பழகுமா? ஆகவே பேரம் அளவைப் பற்றியதாகிறது. கயிறு இருக்கட்டும், படுத்து எழ இடம் விட்டுக் கட்டு. தீப்பிடித்தால் அறுத்துக்கொண்டு ஓடும் அளவுக்குக் கட்டு. தாற்றுக்குச்சியில் ஆணி வைக்காதே. கரும்பு ஏற்றும்போது வண்டிக்காரன் சொல்கிற பாரத்தைக் கேட்காதே, மாட்டின் மூச்சைப் பார். பெரியவர்கள் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

களத்தில் போரடிக்கும்போது மாட்டுக்கு வாய்க்கூடு போடலாமா என்பது இன்னொரு கேள்வி. போடாவிட்டால் தாள் மிதிக்கிற மாடு நெல்லைத் தின்றுகொண்டே நடக்கும். இதற்கு ரிஷபதேவரைப் பற்றியே ஒரு கதை வழங்குகிறது. முன்னொரு சமயம், களத்துத் தானியத்தைத் தின்ற காளைகளுக்கு வாயைக் கட்டும்படி அவர் உழவர்களுக்குச் சொன்னாராம். அந்த வினையால்தான் துறவு பூண்டபின் ஓராண்டுக் காலம் அவருக்கு உணவு கிடைக்கவில்லை. பிச்சை கேட்டு வந்த முனிவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் மக்கள் பொன்னையும் யானையையும் நீட்டினார்கள். கடைசியில் அஸ்தினாபுரத்தில் ஒருவர் கருப்பஞ்சாறு கொடுக்க, நோன்பு முடிந்தது. அட்சய திருதியை அந்த நாள்தான். நகைக்கடை வரிசையில் நிற்கிறவர்கள் இந்தக் கருப்பஞ்சாற்றை எங்கே நினைக்கப் போகிறார்கள், அது போகட்டும். உழவைக் கற்றுக்கொடுத்தவரே ஒரு மாட்டின் வாயைக் கட்டியதற்குப் பட்டினி கிடந்தார் என்று கதை கட்டத் துணிந்த சமூகத்தை நான் மதிக்கிறேன்.

இப்போது தொழுவத்தில் எருது இல்லை. டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது. ஐந்து விதியும் இருக்கிறது, பொருந்துவதற்கு ஏர் மாடு இல்லை. டிராக்டரின் சுழல் கலப்பை ஒரு சாலில் அழிக்கிற உயிர், மரக்கலப்பை ஒரு சாலில் அழிப்பதைவிட அதிகமாக இருக்கும். ஆனால் டிராக்டருக்கு வலிக்காது, அதனால் ஓட்டுகிறவனுக்கும் உறுத்தாது. எருதின் முதுகுப் புண்ணைப் பார்த்து விரதத்தை நினைத்துக்கொண்ட கண்ணுக்கு இப்போது எதிரில் பார்க்க ஒன்றுமில்லை. இதை நான் பழமைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எருதுகள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நான்கு வகைக் கொலைக் கோடு அழிகிற இடத்துக்கு வருகிறேன். மல்லாட்டை போடுகிறவர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவைத் தெரியும். கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடக்கும். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் அந்துப்பூச்சியாக வெளிவந்து முட்டையிடும். புழு பெருத்தால் ஒரு கொல்லையை மொட்டையாக்கிவிட்டு அடுத்த கொல்லைக்குக் கூட்டமாக ஊர்ந்து வரும். இதற்கு விவசாய அதிகாரி சொல்லும் வழிகளைக் கேளுங்கள். கோடை உழவு போடு, மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் காக்கை வாயிலும் அழியும். மழை பெய்த இரவுகளில் விளக்குப்பொறி வை, அந்துப்பூச்சி வந்து விழும். கொல்லையைச் சுற்றிப் பள்ளம் வெட்டு, புழு அதில் விழுந்து சாகும்.

ஒவ்வொன்றும் விரதத்தின் மேலேயே வந்து மோதுகிறது. உழுவது தொழிலில் நேரும் கொலை என்று மன்னித்துக்கொண்டோம். இங்கே கொல்வதற்காகவே உழச் சொல்கிறார்கள். விளக்கில் பூச்சி விழும் என்று இராச்சோற்றையே விட்டவர்களிடம், பூச்சி விழுவதற்காகவே விளக்கு வைக்கச் சொல்கிறார்கள். எண்டோசல்பான் போன்ற மருந்துகள் வந்தபோது பலருக்கு அது ஒருவகையில் ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். கையால் நசுக்க வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டாம், ஆள் வைத்து அடித்தால் போதும்.

ஆள் வைத்து என்றேனே, அங்கேதான் எனக்கு நயினார்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒரே வினை என்று சொல்வது அவர்கள் சமயம். அவ்வளவு கூர்மையாகச் சொன்ன சமயங்கள் அதிகமில்லை. நடப்பில் என்ன? நிலம் நயினாருடையது. ஏர் பிடித்ததும், எலி வளை வெட்டியதும், முகத்தில் துணிகூட இல்லாமல் மருந்து அடித்ததும் பெரும்பாலும் சேரிக் கூலி ஆள். கொன்ற பாவம் அவன் கையில், கொல்லாமைப் பெயர் வீட்டுக்காரர் வாசலில். இதை அவர்கள் மட்டும் செய்யவில்லை. சைவம் என்று சொல்லிக்கொண்ட நிலக்கிழார் எல்லோரும் செய்தார்கள். ஆனால் செய்வித்தலையும் பாவக் கணக்கில் எழுதிய நூலை வைத்திருக்கிறவர்களிடம்தான் இதைக் கேட்க முடியும்.

கேட்டும் இருக்கிறேன். எங்கள் வரப்புக்காரர் மழுப்பவில்லை. "கணக்கு ரெண்டு பேருக்கும்தான் ஏறுது. எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா ஏறும், ஏன்னா நான் தெரிஞ்சு செய்யறேன்" என்றார். அதன்பிறகு அவர் மகன் வேப்பங்கொட்டைச் சாற்றுக்கு மாறினான். புழு செடியைத் தின்னாமல் போகும், உடனே சாகாது என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. மல்லாட்டைக்கு நடுவே தட்டைப்பயறு ஊன்றி, புழு அதற்குப் போகட்டும் என்று விட்டான். மகசூல் குறைந்த வருஷமும் உண்டு. முற்றிலும் மருந்தை விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய். நெல்லின் குலைநோய்க்கு இன்னமும் அடிக்கிறான். உயிர்களைப் புலன் எண்ணிக்கையால் வகுப்பது சமண வழக்கம்; நோய்க்கிருமிக்கு எத்தனை புலன் என்று தகப்பனும் மகனும் வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. மணி ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். எருது போனாலும் பசு இருக்கிறது. பால் இவர்களுக்கு விலக்கில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் பல வீடுகளில் அன்றாடச் செலவு ஓடுகிறது. பசு பால் தர வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். பாதிக் கன்று காளைக் கன்று. ஏர் இல்லாத ஊரில் காளைக் கன்றை யார் வாங்குகிறார்கள், வாங்கி எங்கே ஏற்றுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தரகர் வந்து வாசலில் நிற்கும்போது எங்கள் வரப்புக்காரர் வீட்டு அம்மா உள்ளே போய்விடுவார். சில வருஷம் கன்றுகளை வைத்துப் பார்த்தார்கள், ஆறு கன்றுக்குத் தீனி போட முடியவில்லை. கோசாலையில் விட்டுப் பார்த்தார்கள், அங்கே இடமில்லை என்றார்கள். பசுவையே விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறான். தயிருக்குக் கடையில் கை நீட்ட மாட்டேன் என்கிறார் தாய். கடைப் பாலுக்கும் ஒரு கன்று இருக்கிறதே என்று மருமகள் கேட்டிருக்கிறாள். போன பொங்கலுக்கு நான் அங்கே போயிருந்தபோது கொட்டகையில் இரண்டு காளைக் கன்றுகள் நின்றன. இரண்டுக்கும் கொம்பில் வண்ணம் அடித்திருந்தார்கள். தரகரைத் தை முடியட்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.